சுபைறா பகலில் படுத்த நாள்

என் மனைவி உயிரோடு இருக்கும்போதே அவளுக்கு மவுத்து அறிவிக்கச் சொல்லிப் பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பியவன் நான். மருதமுனையில் இன்றைக்கும் என்னைக் கண்டால் இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. நினைத்தால் கை குளிர்ந்துபோகிறது.

எண்பத்திரண்டாம் ஆண்டு, மழை தொடங்குவதற்கு முந்திய மாதம். வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் எங்களுக்கு இரண்டு கைத்தறிகள் இருந்தன. வீடு சுபைறாவுடையது. அவளுடைய வாப்பா சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. இந்தப் பக்கத்து ஆண்கள் எல்லோரையும் போல நானும் ஒரு பெட்டியோடு வந்து குடியேறியவன்தான். ஒரு தறியில் நான் நெய்வேன், மற்றதில் கூலிக்கு வரும் ஜெமீல் நெய்வான். இரண்டு தறிக்கும் வேண்டிய நூலைத் தார்க்குச்சிகளில் சுற்றித் தருவது சுபைறா. அவளுடைய இராட்டை அடுப்படி வாசலில் இருக்கும். ஒரு கண் உலையில், ஒரு கை இராட்டையில். சுபஹுக்குப் பாங்கு சொல்ல முன்னம் எழும்புவாள். பிள்ளைகள் மூன்றையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, ஆட்டுக்குக் குழை போட்டு, நெல் அவித்து, சமைத்து, இடையிடையே நூல் சுற்றி, எல்லோரும் படுத்த பிறகு விளக்கை அணைப்பாள்.

இதில் எனக்குப் பெருமை இருந்தது. தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்துகொண்டு நானே சொல்வேன்: "நம்மட ஊட்டுல பகல்ல பாய் விரிச்ச சரித்திரமே இல்ல. இருவத்தொரு வருஷம். ஒருநாள் முதுகு சாய்ச்சதில்ல." கேட்கிறவர்கள் மாஷா அல்லாஹ் என்பார்கள். நான் அந்தப் புகழை என்னுடையதாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

அந்த நாளுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் அவளுக்குத் தலை சுற்றியது. கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வளவில் இருக்கும் அவளுடைய தங்கை றாபியா மருந்தெடுக்கக் கூட்டிப் போனாள். பின்னேரம் திரும்பி வந்து, வந்த கையோடு இராட்டையில் உட்கார்ந்து, சுற்றிக்கொண்டே எனக்குச் சொன்னாள்.

"பிரசர் கூடவாம். அப்போதிக்கரி ஐயா சொல்றாரு, ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் எனக்கெண்டு எடுக்கணுமாம். அந்த நேரத்துல ஒரு வேலையும் செய்யப்படாதாம்."

"அந்த ஒரு மணித்தியாலத்துல என்ன செய்யப் போறாய்?"

"ஒண்டும் செய்யாமக் கிடக்கத்தான் சொன்னாரு."

"பெரிய உத்தியோகம் பாக்கிற ஏஜீஏட பொண்டாட்டிக்குச் சொல்ற மருந்த உனக்குச் சொல்லிட்டாரு. ஆள் மாறிப்போச்சி போல" என்றேன்.

தறியில் இருந்த ஜெமீலும் சிரித்தான். சுபைறா சிரிக்கவில்லை. நூல் அறுந்திருந்தது, முடிந்துவிட்டு மீண்டும் சுற்றினாள். மஞ்சள் நிறத்தில் சின்னக் குளிசைகள் கொஞ்சம் தந்திருந்தார்களாம். போட்டால் நித்திரை வரும் என்று அவள் அதைத் தொடவில்லை. "குளிசையையாவது போடு" என்று நான் சொன்னேன். அதை ஒரு கரிசனை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

அன்று காலையில் நூல் வாங்கச் சைக்கிளில் கல்முனைக்குப் போனேன். நண்பகல் லுஹர் தொழுகையை அங்கேயே ஒரு பள்ளியில் தொழுதேன். தொழுதுவிட்டு, தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவி எடுத்த ஒழுவை முறிக்காமல் பின்னேர அசர் தொழுகைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று கவனமாக வந்தேன். இது என் பழக்கம். திரும்பவும் கிணற்றடிக்குப் போய்க் கைகால் கழுவ எனக்குப் பஞ்சி. சோம்பேறித்தனத்துக்கு நான் பேணுதல் என்று பெயர் வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது இரண்டரை மணியிருக்கும். வாசலிலேயே எரிச்சல் வந்துவிட்டது. தறிச் சத்தமில்லை, இராட்டைச் சத்தமில்லை. ஜெமீல் கொட்டிலில் சும்மா குந்திக்கொண்டிருந்தான்.

"தார் முடிஞ்சி காக்கா. ராத்தாவக் கூப்பிட்டுப் பாத்தன். பதிலில்ல."

நூல் கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். கோபக்காரன் என்று எனக்கு ஊரில் பெயர். அதைக் காப்பாற்றுகிற மாதிரித்தான் போனேன். அடுப்படியில் புகையில்லை. இராட்டை துடைத்து வைத்திருந்தது. "சுபைறா" என்று கூப்பிட்டேன். இன்னொரு தரம் கூப்பிட்டேன். மூன்றாம் தரம் கூப்பிட்டது ரோட்டுக்குக் கேட்டிருக்கும்.

அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினேன்.

நிலத்தில் புதுப் பாய். தலைமாடு வடக்கே. வலது பக்கமாகச் சரிந்து மேற்கே பார்த்தபடி ஒரு உடம்பு. தலையிலிருந்து கால் வரைக்கும் வெள்ளைத் துணி. போன கிழமை நான் நெய்து வைத்த வெள்ளைத் துணியில் ஒரு துண்டு. அறை முழுக்கக் கற்பூர வாசம், அதற்குள்ளே அத்தர் வாசம்.

மையித்தை எப்படிக் கிடத்துவார்கள் என்று தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. வடக்கே தலை, கிப்லாவுக்கு முகம், வெள்ளை, கற்பூரம்.

குனிந்து, துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, முகத்திலிருந்து விலக்கினேன். குளித்திருந்தாள். தலைமயிர் ஈரமாக இருந்தது. பெருநாளுக்கு மட்டும் போடும் சுறுமா கண்ணில் இருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. அந்த முகம்தான் என்னை உடைத்தது. சுபைறாவின் நெற்றியில் மூன்று கோடு உண்டு. அவளை நினைத்தால் முதலில் அந்தக் கோடுகள்தான் எனக்கு ஞாபகம் வரும். அந்தக் கோடுகள் இல்லை. புருவத்தின் நடுவே எப்போதும் இருக்கும் முடிச்சு அவிழ்ந்திருந்தது. இது என் மனைவியின் முகமில்லை, ரூஹு போய்விட்டது என்று நான் முடிவு செய்தேன்.

அவள் மூக்கருகில் விரலை வைத்துப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன். கை நீண்டது. மனைவியைத் தொட்டால் ஒழு முறியும் என்று நாங்கள் சின்ன வயதிலிருந்தே படித்தவர்கள். அந்தப் பழக்கம் கையைப் பிடித்து இழுத்தது. யோசித்து நிறுத்தவில்லை. கை தானாகவே நின்றது. என் மனைவி செத்துக் கிடக்கிறாள் என்று நம்பிய அந்த நிமிடத்திலும், அசருக்கு வைத்திருந்த ஒழுவை நான் காப்பாற்றினேன்.

பிறகு வந்ததை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. கண்ணீர் வர முன்னம் ஒரு நினைப்பு வந்தது: இனி இரண்டு தறிக்கும் தார் யார் சுற்றுவது.

நான் சத்தம் போட்டேனா என்று தெரியாது. றாபியா வேலியால் ஓடி வந்தாள். அறை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாள். "என்ட ராத்தா" என்று ஒரே ஒரு சொல்தான் வந்தது, சுவரோடு சாய்ந்து கீழே போய்விட்டாள். அவளும் தொடவில்லை. ஜெமீல் எட்டிப் பார்த்து, இன்னாலில்லாஹ் சொல்லி, "காக்கா, பள்ளிக்குச் சொல்லவா?" என்று கேட்டான். நான் தலையை ஆட்டினேன். அவன் என் சைக்கிளையே எடுத்துக்கொண்டு பறந்தான்.

பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் மக்கீனுக்கு இப்படியான காரியத்தில் தாமதம் தெரியாது. ஐந்து நிமிடத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது.

"இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கைத்தறிக்காரர் காலிதீன் அவர்களின் மனைவி சுபைறா அவர்கள் சற்று முன்னர் வபாத்தானார்கள். நல்லடக்கம் பற்றிப் பின்னர் அறிவிக்கப்படும்."

இரண்டு தரம் சொன்னார். அந்தச் சத்தம் வீட்டு ஓடு வரைக்கும் அதிர்ந்தது. உள்ளே கிடந்தவள் அசையவில்லை.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு வேலி ஒட்டித்தான் இருக்கிறது. கால் மணித்தியாலத்துக்குள் வளவு நிறைந்துவிட்டது. பெண்கள் உள்ளே போய், பாயைச் சுற்றி உட்கார்ந்து யாசீன் ஓதத் தொடங்கினார்கள். யாரோ துணியை மறுபடி முகத்தில் இழுத்துவிட்டிருந்தார்கள். அங்கிருந்து பேச்சு வெளியே வந்தது.

"தானே குளிச்சி, தானே உடுத்து, சுறுமாப் போட்டு, கிப்லாவப் பாத்துப் படுத்திருக்கா. எப்பிடிச் சீதேவியான மவுத்து."

"அவக்கு முன்னமே தெரிஞ்சிருக்குகா."

"அடுப்பக்கூட அணைச்சி வெச்சிட்டுத்தான் போயிருக்கா."

ஆண்கள் முற்றத்தில் என்னைச் சுற்றி நின்றார்கள். கபுறு எந்தப் பக்கம் வெட்டுவது என்று ஒருவர் கேட்டார். கபன் துணிக்கு ஆள் அனுப்பவா என்று இன்னொருவர் கேட்டார். துணி வீட்டிலேயே இருக்கிறது என்று சொன்னேன். தேத்தண்ணிக் கடைச் சிநேகிதன் அபுல் ஹஸன் என் தோளில் கைபோட்டான்.

"சபுர் செய்ங்க காலிதீன். நீங்கதான் சொல்லிட்டே இருப்பீங்க, பகல்ல முதுகு சாய்க்காத மனிசி எண்டு. அல்லாஹ் ஒரேயடியாச் சாய வெச்சிட்டான்."

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். எனக்குச் செவியைச் சேர்த்து ஒரு அறை விழுந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு காரியமும் என் காதில் விழுந்தது. எனக்குப் பின்னால் நின்ற இருவர், மூன்று பிள்ளைகளையும் தறியையும் வைத்துக்கொண்டு இவன் தனியாக என்ன செய்வான், நற்பிட்டிமுனையில் ஒரு விதவைப் பெண் இருக்கிறாள் என்று மெதுவாகக் கதைத்தார்கள். சுபைறா செத்து இன்னும் அரை மணித்தியாலம் ஆகவில்லை.

அப்போதுதான் ஆசியா உம்மா வந்தார். ஊரில் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டுகிறவர் அவர். கையில் துணிப்பை, அதற்குள் பஞ்சும் நாடாவும் சந்தனமும் இருக்கும். எவரிடமும் எதுவும் கேட்காமல் நேரே அறைக்குள் போனார். நான் கதவடியில் நின்றேன். கூட்டத்தை விலக்கி, கால்மாட்டில் உட்கார்ந்து, துணியை முழங்கால் வரைக்கும் மடித்தார். இரண்டு பெருவிரலையும் சேர்த்துக் கட்ட நாடாவை எடுத்தார். காலைப் பிடித்தார்.

பிடித்த கை அப்படியே நின்றது.

"என்னடா இது, கால் அடுப்படிச் செங்கல் மாதிரிச் சுடுது" என்றார்.

நாடாவை இறுக்கினார். கால் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

யாசீன் நின்றது. வெள்ளைத் துணி எழும்பியது. ஒரு பெண் சுவரில் போய் மோதினாள். இன்னொருத்தி என் காலை மிதித்துக்கொண்டு வெளியே ஓடினாள். றாபியா இருந்த இடத்திலேயே மயங்கிச் சரிந்தாள். சுபைறா எழும்பி உட்கார்ந்து, முகத்திலிருந்த துணியைத் தள்ளிவிட்டு, நித்திரை கலையாத கண்ணால் அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். யாசீன் கிதாபுகளைப் பார்த்தாள். சுற்றியிருந்த கண் எல்லாம் அழுத கண்.

"யாரு மவுத்து?" என்று கேட்டாள்.

கூட்டத்துக்குள் கண்ணால் பிள்ளைகளைத் தேடினாள். அவள் முகம் வெளுத்தது. "புள்ளைகளா? சொல்லுங்கவன், யாரு?"

"நீதான் புள்ள" என்றார் ஆசியா உம்மா.

சுபைறா தன் கால் பெருவிரலில் தொங்கிய நாடாவைப் பார்த்தாள். மேலே கிடந்த வெள்ளையைப் பார்த்தாள். விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் அவள் கத்தவில்லை. அந்த நாடாவைத் தானே அவிழ்த்தாள். முடிச்சு இரண்டு தரம் வழுக்கியது.

"என்ட நேரமெண்டுதான் குளிச்சி, சுறுமாவும் அத்தரும் போட்டன். ஈ மொய்க்கும் எண்டு போத்துக்கிட்டன்" என்றாள். "தலையிடிக்குக் கற்பூரத் தைலம் போட்டன். குளிசையும் போட்டன். நான் மவுத்தெண்டு யாரு சொன்ன?"

எல்லாத் தலையும் கதவுப் பக்கம் திரும்பியது. அங்கே நான் நின்றேன்.

"தொட்டுப் பாத்தியா மனே?" ஆசியா உம்மா என்னைக் கேட்டார். எத்தனையோ மையித்தைத் தொட்ட கை அவருடையது. "மூச்சிருக்கா எண்டு பாத்தியா? கையப் பிடிச்சியா?"

"ஒழு இருந்திச்சி" என்றேன்.

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. சுபைறா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் முகத்தில் இருந்தது கோபமில்லை. ஏதோ ஒன்றை அப்போதுதான் முதல் தடவையாகக் கண்டவளின் திகைப்பு.

"இருவத்தொரு வருஷம்" என்றாள் மெதுவாக. "நான் படுத்துக் கிடந்தா எப்பிடியிருப்பன் எண்டு ஒங்களுக்குத் தெரியாதா?"

நான் யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லவாவது ஒரு நாள் கிடைக்குமா என்று தேடினேன். நான் படுக்கும்போது அவள் அடுப்படியில் இருப்பாள். நான் கண் விழிக்கும்போதும் அங்கேதான் இருப்பாள். இடையில் அவள் வந்து படுத்து எழும்பிப் போவது எனக்குத் தெரியாது. அவளுடைய தூங்குகிற முகத்தை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. அதனால்தான் அமைதியான முகத்தைக் கண்டவுடன் அது மையித்து என்று நினைத்தேன்.

"நான் கண்டதில்ல" என்றேன்.

அந்த நேரத்தில் மூத்த மகள் உம்மு ஓதப்பள்ளியிலிருந்து ஓடி வந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. ஒலிபெருக்கியில்தான் கேட்டிருக்கிறாள், உம்மா செத்துப்போனதை. காலில் செருப்பில்லை. கூட்டத்தை இடித்துத் தள்ளி வந்தவள், உட்கார்ந்திருந்த தாயைக் கண்டதும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விழுந்து பிடித்தாள். தாயின் முகம், காது, கழுத்து, இரண்டு கை என்று எல்லா இடத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளைக்கு அது ஒருவரும் சொல்லிக் கொடுக்காமல் தெரிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பள்ளியில் மறுபடியும் கரகரத்தது. ஜெமீல் போய்ச் சொல்லியிருக்கிறான். மக்கீன் மோதினாருக்கு ஆயுளில் இப்படியொரு அறிவித்தல் வந்ததில்லை. நெடுநேரம் தொண்டையைச் செருமினார்.

"அன்பார்ந்த ஜமாஅத்தார்களே. காலிதீன் அவர்களின் மனைவி சுபைறா அவர்கள் வபாத்தாகவில்லை. அவர்கள்..." இங்கே ஒரு இடைவெளி விட்டார். "அவர்கள் நித்திரை கொண்டிருந்தார்கள்."

முற்றத்தில் சிரிப்பு வெடித்தது. அபுல் ஹஸன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உள்ளே பெண்களும் சிரித்தார்கள். அழுது வீங்கிய முகத்தோடு றாபியாவும் சிரித்தாள். சுபைறாவும் நானும்தான் சிரிக்கவில்லை.

"மேசையில சோறு மூடி வெச்சிருக்கன்" என்றாள் என்னிடம். "நீங்க வந்து தேடக்கூடாது எண்டுதான் எல்லாம் முடிச்சிட்டுப் படுத்தன்."

திரும்பிப் பார்த்தேன். வாசலுக்கு நேரே இருக்கும் மேசையில் சோற்றுக் கோப்பை, அதன்மேல் மூடி, பக்கத்தில் தண்ணீர். அதைத் தாண்டித்தான் நான் சத்தம் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன்.

"இப்ப எத்தின மணி?" என்று கேட்டாள்.

"மூணாகுது" என்றார் யாரோ.

"ரெண்டே காலுக்குப் படுத்தன்." அவள் கொஞ்சம் யோசித்தாள். கூட்டம் எழும்பப் பார்த்தது. ஒருத்தி, தேத்தண்ணி வைக்கவா என்று கேட்டாள். இத்தனை பேர் வந்திருக்க வீட்டுக்காரி எழும்பி ஏதாவது கொடுப்பாள் என்று எல்லோரும் நின்றார்கள் போல. நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை.

"மையித்தாக் கிடந்த நேரத்தச் சேக்க ஏலா" என்றாள் சுபைறா. "அது ஒங்கட நேரம். இனித்தான் என்ட ஒரு மணித்தியாலம். எல்லாரும் போங்க."

சொல்லிவிட்டு, அத்தனை பேருக்கும் முன்னால், அதே பாயில், அதே பக்கமாகப் படுத்தாள். வெள்ளைத் துணியைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டாள். முகத்தை மூடவில்லை.

ஆசியா உம்மா முதலில் எழும்பினார். பஞ்சையும் நாடாவையும் பைக்குள் போட்டார். போகிற போக்கில் என் முன்னால் நின்று, "காவல் இரி" என்றார். அவ்வளவுதான்.

கூட்டம் கலைந்தது. மையித்து வீட்டுக்கென்று பின்னால் வந்தவர்களைப் படலையடியில் வைத்து நானே திருப்பி அனுப்பினேன். சத்தம் போடாதீர்கள், உள்ளே நித்திரை கொள்கிறாள் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லச் சொல்ல வெட்கம் குறைந்தது. ஜெமீலுக்கு, நாளைக்கு வா என்றேன். இராட்டையில் உட்கார்ந்து ஒரு தார் சுற்றிப் பார்த்தேன். நூல் மூன்று தரம் அறுந்தது.

பிறகு அறைக்குள் போய்ப் பாயருகில் உட்கார்ந்தேன். அவள் தூங்கியிருந்தாள். நெற்றியில் கோடில்லை. அந்த முகத்தைக் காண எனக்கு இன்னும் பயமாகவே இருந்தது. துணி ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். ஏறி இறங்கியது. கண்ணை நம்ப முடியவில்லை.

கையை நீட்டி அவள் நெற்றியில் வைத்தேன். சூடாக இருந்தது. எடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

அசருக்குப் பாங்கு சொன்னது. நான் எழும்பி, திரும்பவும் ஒழு எடுக்கக் கிணற்றடிக்குப் போனேன்.